இடது மட்கார்டு

எண்ணூர் ரோட்டிலிருந்து முகத்துவாரக்குப்பத்துக்கு அப்போது பாதை கிடையாது. ஒரு மைல் மணல்தான். குப்பத்துப் பெண்கள் மீன் கூடையைத் தலையில் வைத்து அந்த மணலைக் கடந்து ரோட்டுக்கு வருவார்கள். மீன் வாங்கும் ஏஜெண்டின் லாரி ரோட்டோரம் நிற்கும். அவர்கள் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். லாரி மேஸ்திரி ஜெயவேல் ஒரு மீனை எடுத்து வயிற்றில் விரலால் அழுத்துவான். அழுத்திய பள்ளம் அப்படியே நின்றால் பாதி விலை. அநேகமாக அப்படியே நிற்கும்.

கூடைகள் லாரியில் ஏறும். பெண்கள் ஏறக்கூடாது. அது ஏஜெண்டின் சட்டம். தங்கள் மீன் ராயபுரம் மார்க்கெட்டில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்க நினைத்தால் எண்ணூர் ஸ்டேஷனுக்கு நடந்து ரயில் பிடிக்க வேண்டும். போய்ச் சேரும்போது மீன் விற்றிருக்கும்.

ஐம்பதாம் வருஷம் ஆனி மாதம் ஷாகுல் ஹமீதின் ஜீப் இந்த மணலில் முதல்முறையாக இறங்கியது. ஷாகுல் ராயபுரத்துக்காரன். யுத்தத்தின்போது அஸ்ஸாமில் பட்டாள லாரி ஓட்டியவன். பட்டாளம் கழித்துப்போட்ட ஜீப்பை வாடகைக்கு ஓட்ட ஏலத்தில் எடுத்திருந்தான். அமெரிக்க வண்டி. ஸ்டீரிங் இடது பக்கம். முன்சக்கரங்களின் மேல் மட்கார்டு பலகைபோலத் தட்டையாக இருந்தது. பின்னால் எட்டுக் கூடைகளை அடுக்கியதும், கூடைக்காரிகளில் ஒருத்தியான கெங்கம்மா சுற்றிவந்து இடது மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"பாயி, நீ வண்டியப் பாத்துக்கோ. மண்ண நா பாத்துக்கறேன்," என்றாள்.

மணல் அவளுக்குத் தெரியும். எங்கே இறுகிக் கிடக்கிறது, எங்கே அடியில் தண்ணீர் இருக்கிறது என்று நிறத்தை வைத்தே சொல்வாள். வலது கையை நீட்டினால் வலது பக்கம் ஒடிக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாக. இரண்டு மாதத்தில் ஷாகுல் முன்னால் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்து ஓட்டப் பழகிக்கொண்டான். வலது மட்கார்டில் முத்தம்மா. பின்னால் கூடைகளுக்கு நடுவில் இரண்டு பெண்கள். ஒரு நாளைக்கு இரண்டு நடை. மீன் விறைப்பு மாறாமல் ராயபுரம் வந்தது. அவர்கள் கண்முன்னால் ஏலம் போனது.

புரட்டாசியில் காற்று மாறியது. கடல் புதுமணலைக் கொண்டுவந்து தடத்தின்மேல் கொட்டியது. ஜீப்பின் ஒல்லி டயர்கள் அதில் நிற்கவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு முறை வண்டி அச்சு வரை புதைந்தது. இரண்டாம் முறை எட்டுக் கூடை மீனும் உச்சி வெயிலில் லாரிக்குப் போயிற்று. ஜெயவேல் விரலால் அழுத்தக்கூட இல்லை. மோந்து பார்த்துவிட்டுக் கால் விலை சொன்னான்.

"நண்டுகூட இவ்ளோ ஆயமா பூராது," என்றான். "பாயி வண்டிக்கு இன்னா தெறம!"

மறுநாள் அவன் ஏஜெண்டின் பேச்சைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமைக்குள் லாரிக்குத் திரும்பாதவர்களின் கூடையைத் தை மாதம் வரை லாரி ஏற்றாது. மழைக்காலம் முழுவதும் என்று அர்த்தம்.

பெண்கள் கூடிப் பேசினார்கள். பாதிப்பேர் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றார்கள். கெங்கம்மா ஒரு நாள் கேட்டாள். வியாழக்கிழமை. அன்றைய முதல் நடையில் ஜீப் மணலைத் தாண்டினால் எல்லோரும் ஜீப். புதைந்தால் எல்லோரும் லாரி. அவளும் லாரி.

*

செவ்வாய்க்கிழமை காலை ராயபுரத்தில், ஷாகுலின் வீட்டு வாசலில், ஜீப் செங்கல் அடுக்கின்மேல் நின்றது. பக்கத்தில் நான்கு டயர்கள் கிடந்தன. பட்டாளத்துச் சின்ன லாரியின் டயர்கள். ஆறு அங்குலத்துக்குப் பதில் ஏழரை அங்குல அகலம். உயரமும் அதற்கேற்ப அதிகம். சக்கர வளையம் இரண்டுக்கும் ஒரே அளவுதான். ஷாகுலும் அவன் மனைவியின் அண்ணன் ரஷீதும் விடிந்ததிலிருந்து மல்லுக்கட்டி நான்கையும் வளையத்தில் ஏற்றி, வண்டியில் மாட்டி, செங்கல்லை உருவினார்கள்.

ரஷீது பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஷாகுல் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கை ஒடித்தான். பாதி திரும்பியதும் டயர் மட்கார்டில் முட்டி நின்றது.

"இதுக்குப் போயி பேஜாராவாத மச்சான்," என்றான் ரஷீது. "வண்டியத் தூக்கிரு. எங்கிட்ட ஸ்லீப்பர் கட்டை கீது. நாலு அங்குலம். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல சொருவி போல்ட்டப் போட்டேன்னு வெச்சிக்கோ, டயரு அதுபாட்டுக்கு சுத்தும்."

"சுத்தும். வண்டியும் சுத்தும்."

"இன்னா?"

"அஸ்ஸாம்ல எங்க சுபேதாரு இப்டித்தான் ஒரு ஜீப்பத் தூக்குனாரு. பாக்க நல்லா உதாரா இருந்துச்சு. சரிவுல திரும்பக்குள்ள மல்லாந்துச்சு. அடியில ரெண்டு பேரு." ஷாகுல் இறங்கினான். "குப்பத்தாண்ட ஒரு மணல் மேடு கீது. ஒரு பக்கம் ஆறு. வண்டி சாஞ்சிகினேதான் போவணும். மேல எட்டுக் கூடை, நாலு பொம்பளைங்க. நாலு அங்குலம் தூக்குனா கண்டி அல்லாத்தியும் ஆத்துல கொட்டிட்டு நா மட்டும் வூட்டுக்கு வருவேன்."

"அப்ப இன்னாதான் செய்யப்போற?"

"ஸ்பிரிங்குல ஒரே ஒரு பட்டை சேக்கறேன். ஒரு அங்குலம் எந்திரிக்கும். அதுக்கு மேல வேணாம். மீதிக்கு மட்கார்ட வெட்டணும்."

ரஷீது சிரித்தான். "நல்ல தகட்ட வெட்றதா? பிரேக் இன்ஸ்பெக்டரு பாத்தா ஓரங்கட்டிருவாரு."

"பாக்கட்டும்," என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஷாகுலின் மனைவி ஜன்னத். கையில் டீ தம்ளர்கள். "தெறிக்கிற சேறு நம்ம மேலதான அடிக்கப்போவுது? அவரு மேலயா?"

"நீ உள்ள போ ஜன்னத்," என்றான் ரஷீது.

"போறேன். டீயக் குடி." அவள் போகவில்லை. குனிந்து மட்கார்டின் விளிம்பில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

ஜன்னத்தின் வாப்பா வண்ணாரப்பேட்டையில் தகரப் பெட்டி செய்தவர். நிக்காஹ் ஆகும்வரை வீட்டில் பெட்டி மூடிகளின் விளிம்பை மடித்தது அவள்தான். வெட்டிய தகட்டுக்குள் கம்பியை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருட்டி, கை வைத்தால் அறுக்காதபடி செய்ய வேண்டும். மாதத்துக்கு நூறு மூடி.

"வெட்றது பெருசு இல்ல," என்றாள். "வெட்டுன வாய மடிக்கணும். மடிக்காட்டி அது கத்தி. டயர அறுக்கும். அப்பால ஆள அறுக்கும்."

"இது பெட்டி மூடி இல்ல தங்கச்சி. பட்டாளத்துத் தகடு."

"மொத்தமா இருந்தா பலமா அடிக்கணும். அவ்ளோதான? எவ்ளோ வெட்டப் போற?"

ரஷீது இரண்டு விரல்களை மட்கார்டின்மேல் வைத்துக் காட்டினான். "ஒரு கண்ணு அளவுல..."

"வாப்பா கண்ணளவுல ஒரு மூடி வெட்னது இல்ல. இப்ப வண்டி காலி. பாரம் ஏறுனா ஸ்பிரிங்கு குந்தும். குந்துனா டயரு வேற எடத்துல முட்டும். பாரத்த ஏத்தி வெச்சு அளக்கணும்."

ரஷீது மச்சானைப் பார்த்தான். ஷாகுல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"சரியாத்தான சொல்றா," என்றான்.

"பாரத்துக்கு எங்க போவ?"

"மீனுக்கு மணல் மூட்டை. பொம்பளைங்களுக்குப் பொம்பளைங்களையே கூட்டியாறேன்."

*

புதன்கிழமை காலை ரயிலில் குப்பத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். கெங்கம்மா, முத்தம்மா, இன்னும் இரண்டு பெண்கள். ஸ்டேஷனிலிருந்து சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தவர்கள் சந்துக்குள் நுழைந்ததும் குரலைத் தணித்தார்கள். பள்ளிவாசல் முனையில் ஆண்கள் நின்றிருந்தார்கள். ஜீப் தலையை வெட்டிக்கொள்ளப் போகிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எதிர்வீட்டுத் தறிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கெங்கம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். ஷாகுல் ஸ்பிரிங்கில் பட்டையைச் சேர்த்து, எட்டு மணல் மூட்டைகளைப் பின்னால் அடுக்கியிருந்தான். நால்வரும் மூட்டைகளின்மேல் ஏறி, காலை மடக்கி, ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"என்னிய எத்தினி கூடைக்கு சமானமா போட்ட பாயி?" என்று முத்தம்மா கேட்டாள்.

"ரெண்டு."

"பொய் சொல்லாத. மூணு போடு. கொறச்சுப் போட்டு நாளிக்கி வண்டி பூந்துச்சுன்னா என்னியத்தான் வைவாளுவ."

ஜன்னத் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துத் தென்னமட்டையால் நான்கு டயர்களிலும் பூசினாள். ஷாகுல் ஸ்டீரிங்கை இடதுபக்கம் முழுக்க ஒடித்தான். பிறகு வலது. ரஷீது பம்பரில் ஏறி நின்று வண்டியைக் குலுக்கினான். எதிர்வீட்டுக்காரரும் வந்து குலுக்கினார். டயர் தொட்ட இடமெல்லாம் மட்கார்டின் அடியில் வெள்ளை ஒட்டியிருந்தது. ஜன்னத் தரையில் படுத்து அதைப் பார்த்தாள். வெள்ளைக்கு மேலே ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளிக் கரியால் கோடு போட்டாள்.

"இதான் அளவு. எறங்குங்க."

முன்பக்கம் வெளிவிளிம்பில் மூன்று விரல் அகலம் போனது. பின்பக்கம் அரை வட்டமாக. ரஷீது ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்த ரம்பத்தால் அறுத்தான். ரம்பம் நுழையாத வளைவுகளில் ஜன்னத் வெட்டிரும்பை வைத்துச் சுத்தியலால் அடித்தாள். தகட்டுக்குப் பின்னால் ஒரு தண்டவாளத் துண்டை ஷாகுல் தாங்கிப் பிடித்தான். சந்து முழுவதும் அந்தச் சத்தம்தான். பிறகு கம்பியை வைத்து மடித்தாள். முதல் மூலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்காவதுக்கு அரை மணி. ரஷீது மடித்த விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தான். கையைப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

"ஒர்க்‌ஷாப்ல ஆள் எடுக்கறாங்க," என்றான். "பேரு குடுக்கட்டா?"

"ஒன் வேலய எனக்குக் குடுக்கச் சொல்லு. நீ வந்து சோறாக்கு."

சோறு ஏற்கெனவே ஆகியிருந்தது. குப்பத்துப் பெண்கள் கொண்டுவந்த எறாவைக் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பெண்கள் உள்கட்டில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கெங்கம்மா இரண்டாவது முறை குழம்பு கேட்டாள்.

"பாயம்மா, நாங்க துன்ற எறா இதானா? எங்க வூட்ல இதுக்கு இந்த ருசியே வராது."

கிளம்பும்போது அவள் வாசலில் நின்று இடது மட்கார்டைத் தடவினாள். விளிம்புதான் போயிருந்தது. மேலே பலகை அப்படியே இருந்தது.

"நம்ம எடம் தப்பிச்சுது," என்றாள்.

"நாளிக்கி நானும் வரேன்," என்றாள் ஜன்னத்.

ரஷீது திரும்பினான். "குப்பத்துக்கா? மணல்லயா? நீ எதுக்கு?"

"வெட்டுனது நா. ஓடறத நா பாக்க வேணாமா?"

"ஒங்க வூட்டுக்காரரு போறாருல்ல?"

"அவரு ஸ்டீரிங்கப் பாப்பாரு. நா மட்கார்டப் பாப்பேன்."

*

வியாழக்கிழமை விடிந்தபோது வானம் மூடியிருந்தது. மழை இல்லை. ரோட்டோரம் லாரி நின்றது. ஜெயவேல் அதன் படியில் உட்கார்ந்து பல் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்தான்.

"தோ பார்றா. காது அறுத்த கழுதையாட்டம் கீது," என்றான் லாரி டிரைவரிடம்.

ஷாகுல் டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மணலில் இறங்கினான். பக்கத்தில் ஜன்னத். மடியில் ஒரு துணிப்பை. வண்டி புதையவில்லை. அகல டயர் மணலை அமுக்கி அதன்மேலேயே ஏறிப் போனது. ஆற்றோர மேட்டில் வண்டி சாய்ந்தது. ஜன்னத் கதவில்லாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கீழே ஆறு தெரிந்தது. ஷாகுல் வேகத்தைக் குறைத்தான். வண்டி சாய்ந்தபடியே தாண்டியது.

குப்பம் முழுவதும் கரையில் நின்றிருந்தது. பெண்கள் கை தட்டவில்லை. காலி வண்டி வந்ததைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமில்லை. எட்டுக் கூடை ஏறியது. மடவை மீன் நான்கு கூடை, எறா இரண்டு, காரப்பொடி மீன் இரண்டு. மேலே ஈரச் சாக்கு. இரண்டு பெண்கள் பின்னால் ஏறினார்கள். முத்தம்மா வலது மட்கார்டில். கெங்கம்மா இடதில். காலைத் தொங்கவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, கையை நீட்டினாள்.

"போ பாயி."

வண்டி முப்பது கஜம் போனது. முன் டயரிலிருந்து ஒரு முனகல் வந்தது. பிறகு கிழிவது போன்ற சத்தம். ரப்பர் கருகும் நாற்றம். ஷாகுல் நிறுத்தினான். ஜன்னத் குதித்து இறங்கி முன்சக்கரத்தைப் பார்த்தாள். மட்கார்டின் அடிப்பாகம் டயரைப் பிடித்திருந்தது. டயரில் விரல் நீளத்துக்குச் செதில் எழுந்திருந்தது.

"அளந்துதான வெட்னோம்," என்றான் ஷாகுல். "பாரம் வெச்சுதான அளந்தோம்."

ஜன்னத் கெங்கம்மாவின் தொங்கும் கால்களைப் பார்த்தாள்.

"நேத்து நீ எங்க குந்துன?"

"ஒங்க வூட்லயா? பின்னால. மூட்ட மேல."

"எதுக்குப் பின்னால?"

கெங்கம்மா யோசித்தாள். "இன்னா கேள்வி இது பாயம்மா? பள்ளிவாச தெரு. ஆம்பளைங்க அல்லாம் நின்னுகினு கீறாங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா கால நீட்டிகினு இங்க குந்துவாங்களா? மரியாத வேணாம்?"

முத்தம்மா மெல்ல மட்கார்டிலிருந்து இறங்கினாள். முன்பக்கம் ஓர் அங்குலம் எழுந்தது.

"போச்சு," என்றாள். "மரியாதயா குந்தி அளவக் கெடுத்துட்டோம்."

ஜெயவேல் மணலில் நடந்து வந்துகொண்டிருந்தான். ஜீப் மணலில் இறங்கியதுமே அவனும் பின்னால் கிளம்பியிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். பின்னாலிருந்த இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"நானும் கெங்காவும் நடந்து வரோம்," என்றாள் முத்தம்மா. "கூடை மட்டும் போவட்டும்."

ஷாகுல் தலையை ஆட்டினான். "காலி வண்டின்னா ஓட்டிருவேன். பாரத்தோட, கெங்கம்மா முன்னால இல்லாட்டி எனக்கு மணல் தெரியாது. மேட்டுல எங்க ஒடிக்கறது?"

"நடக்கறதுக்கா வண்டி?" என்றாள் கெங்கம்மா. "நடந்து நடந்துதான் இடுப்பு ஒடஞ்சு கீது. வேற சொல்லு."

ஜன்னத் துணிப்பையை மணலில் கவிழ்த்தாள். வெட்டிரும்பு, சுத்தியல், ஒரு பெரிய ஆணி.

"இத்த எதுக்குக் கொண்டாந்த?" என்றான் ஷாகுல்.

"அண்ணன் வரல. ரம்பம் வரல. நானாவது கொண்டாரணும்ல?" அவள் கெங்கம்மாவிடம் கை நீட்டினாள். "வெத்தலச் சுண்ணாம்பு வெச்சுகினு கீறியா?"

கெங்கம்மா இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னத் அதை டயரின் தலையில் தடவினாள். முத்தம்மாவை மறுபடி ஏறச் சொன்னாள். ஷாகுல் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்தான். பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே எம்பி எம்பி உட்கார்ந்தார்கள். ஜன்னத் படுத்து அடியில் பார்த்தாள். எழுந்து மட்கார்டின்மேல் ஆணியால் கோடு கீறினாள். கோடு கெங்கம்மாவின் தொடையை ஒட்டிப் போனது.

"இவ்ளோ போவணும். ரெண்டு பக்கமும்."

கெங்கம்மா கோட்டைப் பார்த்தாள். உள்ளே ஒரு சாண்கூட மிச்சம் இல்லை.

"ஒன் எடம் போயிடும்," என்றாள் ஜன்னத்.

ஜெயவேல் வந்துவிட்டான். மூச்சு வாங்கியது. சுற்றி ஒரு பார்வை பார்த்தான்.

"கூடைய எறக்குங்க," என்றான். "லாரி ரெடியா கீது. சொம்மா குந்திகினு இருந்தா மீனு கலீஜாயிடும். நேரமாவ ஆவ வெல எறங்கும், அப்பால எம்மேல கோவிச்சுக்கக் கூடாது."

பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி இறங்கினாள். அவள் கூடையில் எறா. சாக்கை விலக்கிப் பார்த்தாள். தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டாள்.

"வெய்யிடீ கீள," என்றாள் கெங்கம்மா.

"எறா தாங்காது கெங்கா."

"எனக்குத் தெரியாதா எறா எவ்ளோ தாங்கும்னு? ஒரு நாள் கேட்டேன். குடுத்தீங்க. நாளு இன்னும் முடியல."

"முடிஞ்சுதான் போச்சு," என்றான் ஜெயவேல். "வண்டி நின்னுச்சுல்ல?"

"பூந்துச்சா?"

"இன்னா?"

"பூந்தாத்தான் லாரின்னு பேச்சு. கீள குனிஞ்சு பாரு. டயரு மண்ணுமேல கீது. நின்னுகினுதான் கீது. நீயும்தான் நின்னுகினு கீற, ஒன்ன எவனாவது பூந்துட்டேன்னு சொன்னானா?"

இறங்கிய பெண் சிரித்துவிட்டாள். சும்மாட்டைக் கழற்றவில்லை. கூடையையும் தூக்கவில்லை.

கெங்கம்மா மட்கார்டிலிருந்து குதித்தாள்.

"வெட்டு பாயம்மா."

"ஒன் எடம்..."

"எடம் வண்டில கீது. மட்கார்டுலதான் கீதுன்னு எவன் சொன்னான்? வெட்டு."

தண்டவாளத் துண்டு இல்லை. முத்தம்மா ஓடிப் போய்த் தன் வீட்டுக் கட்டுமரத்தின் நங்கூரக் கல்லைத் தூக்கிவந்தாள். கெங்கம்மா அதைத் தகட்டுக்கு அடியில் வைத்து இரண்டு கையாலும் தாங்கினாள். ஜன்னத் அடித்தாள். புர்காவைக் கழற்றி ஸ்டீரிங்மேல் போட்டிருந்தாள். அடி விழும்போதெல்லாம் கல் கெங்கம்மாவின் வயிற்றில் வந்து இடித்தது. அவள் கல்லை நகர்த்தவில்லை. குப்பத்து ஆண்கள் தூரத்தில் வலை உதறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மற்ற பெண்கள் குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து சாக்குகளை நனைத்தார்கள்.

ஜெயவேல் கொஞ்ச நேரம் நின்றான். "தகரத்த வெட்னா கோர்ட்டுல கேஸு," என்றான். அடுத்த அடி விழுந்தது. "ஏஜெண்டு ஐயா கேட்டா நா இன்னா சொல்றது?"

"காது அறுக்கறாங்கன்னு சொல்லு," என்றாள் ஜன்னத். அவள் அவனிடம் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

இடது துண்டு மணலில் விழுந்தது. பிறகு வலது. வெட்டிய வாய் பல் பல்லாக இருந்தது. மடிக்க நேரமில்லை. கம்பியும் இல்லை. ஜன்னத் முடிந்தவரை அடித்துத் தட்டையாக்கினாள். விரலை வைத்துப் பார்த்தாள். விரல் அறுந்து ரத்தம் வந்தது.

"இப்டியே வுட்டா டயரு போயிடும்."

முத்தம்மா விரலைப் பார்த்தாள், விளிம்பைப் பார்த்தாள். "கைய கட்டிக்கோ. ஆணில ஓட்டை மட்டும் போட்டுக் குடு. மீதி எங்க வேல."

ஜன்னத் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு சாணுக்கு ஓர் ஓட்டை போட்டாள். கெங்கம்மாவும் முத்தம்மாவும் பழைய வலைக் கயிற்றை விளிம்பில் வைத்து, வலைக்குத் தலைக்கயிறு கட்டுவதைப் போல ஓட்டைகளில் நூலை விட்டு இழுத்து இறுக்கினார்கள். ஒருத்தி இடது பக்கம், ஒருத்தி வலது. தகட்டின் பல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. ஜன்னத் அதில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள். அவளுடைய மடிப்பைப் போல அது அழகாக இல்லை. அறுக்கவும் இல்லை.

ஜெயவேல் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தான்.

முத்தம்மா பின்னால் ஏறிக் கூடைகளுக்கு நடுவில் தன்னைத் திணித்துக்கொண்டாள். சும்மாடு வைத்திருந்தவளும் ஏறினாள். ஜன்னத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கெங்கம்மா பம்பரில் கால் வைத்து, பானெட்டின்மேல் ஏறி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணியும் தெரியல," என்றான் ஷாகுல்.

"எங்கையி தெரியுதா?"

"தெரியுது."

"போதும். போ."

வண்டி நகர்ந்தது. ஜன்னத் தலையைச் சாய்த்து முன்சக்கரத்தைக் கேட்டாள். மணல் நெரிபடும் சத்தம். வேறு எதுவும் இல்லை. கெங்கம்மா இடது கையை நீட்டினாள். ஷாகுல் இடதுபக்கம் முழுக்க ஒடித்தான். டயர் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. எதிலும் முட்டவில்லை.

மேட்டில் ஏறியதும் வண்டி ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே மறுபக்கம் சாய்ந்தார்கள். படகில் உட்கார்ந்து பழகிய உடம்பு. ஒரு கூடையிலிருந்து இரண்டு மடவை வழுக்கி ஆற்றில் விழுந்தது. கெங்கம்மா கையைக் கவிழ்த்தாள். மெதுவாக. அப்படியே வைத்திருந்தாள். பிறகு நிமிர்த்தினாள்.

மேட்டைத் தாண்டியதும் ஜெயவேலைப் பிடித்தார்கள். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கணுக்கால் புதைய நடந்துகொண்டிருந்தான்.

"ஜெயவேலு, ஏறிக்கிறியா?" என்றாள் கெங்கம்மா. "கூடை மேல எடம் கீது. இன்னும் அரை மைலு. வெயிலு வேற வருது."

அவன் விலகி நின்றான். ஷாகுல் வேகத்தைக் குறைக்கவில்லை. இந்த மணலில் நிற்கக்கூடாது.

ரோட்டில் ஏறியதும் நிறுத்தி, பம்பை எடுத்து டயர்களுக்குக் காற்றடித்தான். கெங்கம்மா கீழே இறங்கினாள். முத்தம்மாவிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டு லாரியை நோக்கிப் போனாள். இடது மட்கார்டின் துண்டு. நான்கு மாதம் உட்கார்ந்ததில் அதன் பட்டாளப் பச்சை தேய்ந்து பளபளவென்றிருந்தது. லாரி டிரைவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினான். அவள் அதை லாரியின் படியில், ஜெயவேல் காலையில் உட்கார்ந்திருந்த இடத்தில், வைத்தாள்.

"இத்த ஏஜெண்டாண்ட குடு," என்றாள். "நாளிக்கி வெள்ளிக்கெளம. நாங்க வருவோம்னு இங்க பாத்துகினு நிப்பாரு. நிக்க வேணாம். இதப் போட்டு குந்தச் சொல்லு."

திரும்பி வந்து பானெட்டில் ஏறினாள்.